பத்து மணி வெள்ளை

முதலில் கெடுதல் செய்தவன் திரவியம். அதற்குப் பிறகு செய்தவர்களும் உண்டு, பிரஸ் முதலாளி உண்டு, சொந்த மச்சினன் உண்டு, கம்ப்யூட்டர் என்கிற பெட்டியும் உண்டு. ஆனால் வரிசையாக நிற்க வைத்தால் முதல் ஆளாக நிற்க வேண்டியவன் திரவியம்தான் என்பதில் வெயிலுமுத்துவுக்கு நாற்பத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூடச் சந்தேகம் வந்ததில்லை. இன்றைக்கும், சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, மாடி அறையில் மேஜை முன்னால் உட்கார்ந்து, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டிருக்கிற இந்த நேரத்திலும், முதலில் நெஞ்சுக்கு வந்த பெயர் அவனுடையதுதான். திரவியம் செத்து ஆறு வருஷம் ஆகிறது. செத்தவனால் இந்தப் பாம்பை என்ன செய்ய முடியும். ஒன்றும் முடியாது. செய்தது இந்தக் கை. ஆனால் இந்தக் கைக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? மேஜைமேல் கெட்டித் தாளில் சாரைப்பாம்பு சுருண்டு கிடக்கிறது. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தி எவனோ ஒரு வெள்ளைக்காரனோ, அவனிடம் கூலிக்கு இருந்த நம்மாளோ வரைந்து, கல்லில் ஏற்றி அச்சடித்து, மேலே கையால் வண்ணம் போட்ட பாம்பு. மூன்று வாரமாகப் பூஞ்சையைத் துடைத்து, பூச்சி அரித்த ஓட்டைகளைத் தாள்கூழ் வைத்து அடைத்து, ஒவ்வொரு செதிலாக அவர் மீட்டுக் கொண்டுவந்த பாம்பு. நேற்று வெள்ளிக்கிழமை, தலைக்குக் குளித்துவிட்டு வந்து அவர் கண் திறந்துவிட்ட பாம்பு. அந்தக் கண் இப்போது அவரைப் பார்க்கிறது. கறுப்பு மணி, அதில் மேலே இடது பக்கம், கடிகாரத்தில் பத்து மணி இருக்கிற இடத்தில், கடுகில் கால்வாசி வெள்ளை. அங்கே இருக்கக் கூடாத வெள்ளை. அந்தக் கறுப்பும் இருக்கக் கூடாது. இது அவருக்குத் தெரிந்து கால்மணி நேரம்தான் ஆகிறது.

மருமகள் கார்த்தீஸ்வரியைக் கூப்பிட்டிருக்கவே வேண்டாம். பதினோரு மணிக்குச் சென்னையிலிருந்து படத்துக்குச் சொந்தக்கார அம்மா வருகிறாள், வந்தால் நாலு வார்த்தை தெரிந்தவன் மாதிரிப் பேசலாமே என்கிற ஆசை. படத்துக்கு அடியில் பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது. எழுத்து என்றால் அவர் தொடவே மாட்டார். தனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தைச் சுற்றி ஒரு விரற்கடை விட்டுத்தான் பஞ்சு போகும், தூங்குகிற நாயைச் சுற்றிப் போவது மாதிரி. காப்பி கொண்டுவந்தவளிடம், "ஏம்மா, கீழ ஏதோ கிறுக்கியிருக்கான், என்னன்னு பாரு," என்றார். அவள் செல்போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துக் குனிந்தாள். "இங்கிலீஷ் மாமா. கோழி கிளறுன மாதிரி இருக்கு," என்றாள். பிறகு விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாக, கீழே டியூஷன் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற அதே குரலில், "உயிரோட வச்சுப் பாத்து வரைஞ்சதாம். தோல் உரிக்கப் போற சமயமாம். கண்ணு பால் கலந்த நீலமா மங்கியிருக்கு, அதை அப்படியே விடணும்னு போட்டிருக்கு மாமா. அப்படியேங்கிறதுக்கு அடியில ரெண்டு கோடு," என்றாள். சொல்லிவிட்டுப் பாம்பின் கண்ணைப் பார்த்தாள். அப்புறம் மாமனாரைப் பார்த்தாள். அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம். அடடா என்றாவது சொல்லியிருக்கலாம். "காப்பி ஆறுது மாமா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். காப்பி ஆறிவிட்டது. ஆடை கட்டிக்கொண்டது. டம்ளருக்குள் வட்டமாக, மங்கலாக, பால் கண். அவர் டம்ளரைத் தள்ளி ஜன்னல் பக்கம் வைத்தார்.

பால் கலந்த நீலம். அதைத்தான் அவர் பூஞ்சை என்று நினைத்தார். ஏன் நினைக்க மாட்டார், தாள் முழுக்கப் பூஞ்சைதானே, வால்மேல் பூஞ்சை, வயிற்றுமேல் பூஞ்சை, அப்படியிருக்கக் கண்ணில் மட்டும் வெள்ளையாக ஒன்று இருந்தால் அதைப் பாம்பு என்றா நினைப்பான் ஒருவன்? பஞ்சை நனைத்து வைத்து உருட்டினார், வந்துவிட்டது. அது வந்த விதம் அப்போதே விரலுக்கு உறைத்தது. பூஞ்சை தூளாக வரும், இது குழைந்து வந்தது, வண்ணம் மாதிரி. விரலுக்குத் தெரிந்தது மண்டைக்குப் போவதற்குள் கை அடுத்த வேலைக்குப் போய்விட்டது. ஏனென்றால் கண் வெறுந்தாளாக நின்றது. கண் வெறுந்தாளாக நின்றால் அவர் கை சும்மா இருக்காது. முப்பது வருஷம் காலண்டர் பிரஸ்ஸில் சாமிக்குக் கண் திறந்த கை. நகை முடிந்து, பட்டு முடிந்து, பின்னால் மலையும் மேகமும் முடிந்து, கண் மட்டும் வெறுந்தாளாக ஒரு வாரம் நிற்கும். வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்து, படத்துக்கு எதிரே ஒருவரையும் நிற்க விடாமல், தானும் பக்கவாட்டில் உட்கார்ந்து, ஒரே மூச்சில் கறுப்பு, கடைசியாக வெள்ளை. திறந்த கண் முதல் பார்வையில் எதைப் பார்க்கிறதோ அதைப் பொசுக்கிவிடும் என்பார்கள், அதனால் எதிரே ஒரு முகம் பார்க்கிற கண்ணாடியை நிறுத்தி வைப்பார்கள். நேற்றைக்கு அவர் கண்ணாடி வைக்கவில்லை. பாம்புப் படத்துக்குப் போய்க் கண்ணாடியா என்று கூச்சமாக இருந்தது. பக்கவாட்டிலும் உட்காரவில்லை, வலது கண் சரியாக இல்லாததால் நேருக்கு நேராகக் குனிந்துதான் வைக்க முடிந்தது. ஆக, அது முதலில் பார்த்தது அவரைத்தான். இதெல்லாம் கதை. காகிதமும் மையும். அப்படித்தான் திரவியம் சொல்வான், காகிதமும் மையும்தாண்டா, பயப்படாம வை.

திரவியம் அதே பிரஸ்ஸில் மூத்த ஓவியன், அவரைவிட எட்டு வயது பெரியவன். "வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்தா என்னடா, வெள்ளையைப் பத்து மணியில வை," என்பான். "பத்து மணியில வச்சாத்தான் சாமி, படத்தை வாங்குனவனைப் பாக்கும். பன்னெண்டுல வச்சா கூரையைப் பாக்கும். மூணுல வச்சா பக்கத்து வீட்டுக்காரியைப் பாக்கும்." பிரஸ் கூடம் சிரிக்கும். வெயிலுமுத்துவும் சிரித்திருக்கிறார். அப்போதெல்லாம் அண்ணே அண்ணே என்று அவன் காலடியிலேயே கிடந்தார். பிறகு அந்த மயில் வந்தது. முருகன் படம், மேல்நாட்டுக் கேலரியில்கூட இப்படி இருக்காது என்று முதலாளியே சொன்ன படம். முருகனுக்குக் கோடு போட்டது திரவியம், மற்றதெல்லாம் வெயிலுமுத்து, அந்த மயில் முழுக்க முழுக்க வெயிலுமுத்து. தோகையில் இருநூற்றுப் பதினாறு கண். ஒவ்வொன்றுக்கும் பத்து மணியில் ஒரு வெள்ளை. பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் திரவியம் வந்து கீழ் மூலையில் திரவியம் என்று வளைத்து எழுதினான். "அண்ணே, என் பேரும் ஓரமா," என்று இவர் கேட்டார், குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார், அவன்தான் சத்தமாகப் பதில் சொன்னான். "பேரா? மூணாங்கிளாசு தாண்டாத பய. வெயிலுமுத்துக்கு எந்த லு போடுவ, சொல்லு பாப்போம். சின்ன லுவா, குண்டு ளுவா, இல்ல மழைக்கு வர்ற ழுவா?" கூடம் சிரித்தது. சிரித்ததுகூடப் பரவாயில்லை. இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாத ஒன்று, செத்துப்போன பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாத ஒன்று, அந்த நொடியில் அவருக்கு நிஜமாகவே எந்த லு என்று தெரியவில்லை. மாதாமாதம் சம்பள நோட்டில் போடுகிற கையெழுத்து. மூன்று எழுத்தும் கண் முன்னால் வந்து ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன. வாயைத் திறந்தபடி நின்றார். அந்த நொடியைத்தான் திரவியம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டான், எடுத்துக்கொண்டு செத்தும் போனான். காலண்டர் லட்சம் பிரதி போயிற்று. டீக்கடையில், முடிவெட்டும் கடையில், ரேஷன் கடையில், கலெக்டர் ஆபீஸ் வாசலில்கூட அந்த மயில். மூலையில் திரவியம். அவர் எங்கே போய் உட்கார்ந்தாலும் எதிர்ச்சுவரில் இருநூற்றுப் பதினாறு கண்ணும் அவரைப் பார்த்தன.

கீழே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்கிற சத்தம் வந்தது. அடுத்த தெருவில் பேப்பர் வெட்டுகிற மிஷின் தட் தட் என்று இறங்கியது. பத்தாக ஐந்து நிமிஷம். அந்த அம்மா, யாமினி, விருதுநகரில் ரயிலைவிட்டு இறங்கிக் கார் பிடித்திருப்பாள். நல்ல மாதிரி. ஐயா என்றுதான் கூப்பிடுவாள். பழைய இயற்கைப் புஸ்தகங்களில் பிரிந்துபோன படங்களை எங்கெங்கோ தேடி வாங்கிவந்து, அவற்றை மீட்டு, அப்புறம் அதே படத்தைக் கதவளவு பெரிதாக்கி அதன்மேல் தன் கற்பனையை ஏற்றுகிறவள். நண்டின் காலுக்குத் தையல் மிஷின் சக்கரத்தைப் பூட்டுவாள். மீனைப் பழைய ரயில் டிக்கெட்டுகளுக்கு நடுவில் நீந்த விடுவாள். முதலில் பார்த்தபோது இது என்ன கிறுக்கு என்றிருந்தது. பிறகு ஒரு நாள், இரண்டாகப் பிளந்த பலாப்பழம் ஒன்று, அவரே கறை எடுத்துக் கொடுத்தது, அதன் சுளைக்குச் சுளை ஒரு வீடும் ஜன்னலும் விளக்குமாக அவள் மாற்றியிருந்ததைப் பார்த்து வெகுநேரம் நின்றுவிட்டார். இந்தச் சாரைதான் கண்காட்சியின் வாசல் படம். பெரிதாக்கி, அதைப் பழைய மதராஸ் தெருப்படத்தின்மேல் சுற்றிப் படுக்க வைக்கப்போகிறாள், பக்கத்தில் கண்ணாடிக்குள் இந்த மூலத் தாள், அதற்குக் கீழே ஒரே ஒரு பெயர் அட்டை. மொத்தக் கண்காட்சிக்கும் மீட்டவர் பெயர் அந்த ஒரு அட்டையில்தான். மாதிரியைப் போனில் காட்டினாள். மீட்டெடுத்தவர்: வெயிலுமுத்து, சிவகாசி. அவர் முதலில் லுவைத்தான் பார்த்தார். சரியாக இருந்தது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில்கூட அப்படி ஆகும் என்பது அன்றுதான் தெரிந்தது. அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஐயா, இது ஒரே பிரதி, கண்ணு நல்லாத் தெரியுதுல்ல?" "ஊசியில நூல் கோக்குறேம்மா," என்றார். கோக்கிறார்தான். இடது கண்ணால்.

வலது கண்ணில் பால் ஊற்றி இரண்டு வருஷம் ஆகிறது. இலவசக் கண் முகாமில் டார்ச் அடித்துப் பார்த்த நர்ஸ், "பெரியவரே, புரை நல்லா முத்திருச்சு, அடுத்த வாரம் வாங்க, எடுத்துரலாம்," என்றாள். பத்து நிமிஷ வேலையாம். அவர் போகவில்லை. கண்ணுக்குள் கத்தியை விடுவது என்று யோசித்தாலே உள்ளங்கால் கூசுகிறது. அவரும் எத்தனையோ கண்ணில் கத்தி வைத்திருக்கிறார், படத்தில், பிசகிய வெள்ளையைப் பிளேடு முனையால் சுரண்டி எடுப்பது. கை ஒரு மயிரிழை நழுவினால் அவ்வளவுதான், தாள் பிய்ந்து நார் எழும்பி நிற்கும். அதே மாதிரி எவனோ ஒரு சின்ன டாக்டர், கை நழுவாத வயதா அது, நழுவுகிற வயதா. இப்போதுகூடப் பிளேடை எடுத்தார். கறுப்பைச் சுரண்டிவிட்டால் என்ன? கறுப்பு ஆழமாக இறங்கியிருந்தது, பஞ்சு உருட்டிய இடத்தில் தாள் மென்மையாகி மையைக் குடித்துவிட்டது. சுரண்டினால் கண் இருக்கிற இடத்தில் ஓட்டைதான் இருக்கும். பிளேடை வைத்தார். சரி, மேலே வெள்ளை பூசினால்? வெள்ளையில் நீலம் ஒரு துளி, பசை ஒரு துளி, கிண்ணத்தில் குழைத்தார். கனமாகவும் இல்லை, தண்ணியாகவும் இல்லை. மெல்லிய பிரஷ்ஷை நனைத்து முனையைக் கிண்ண விளிம்பில் தட்டி, மூச்சைப் பிடித்து, கண்ணுக்கு நேரே கொண்டுபோனார். அங்கேதான் பிரஷ் நின்றது. பாம்பின் கண்மேல் ஏற்கெனவே வெள்ளையாக ஒரு படலம் தெரிந்தது. தான் இன்னும் தொடவே இல்லையே. தொட்டுவிட்டோமா? வலது கண்ணை மூடினார், கண் கறுப்பாகப் பளிச்சென்றது. இடதை மூடினார், பால். எது பாம்பின் பால், எது தன் பால்? எவ்வளவு பூசினால் போதும் என்று எதை வைத்து முடிவு செய்வது? பூசி முடித்து, இது சரி என்று நிமிர்ந்து, வந்தவள் குனிந்து பார்த்து, ஐயா என்ன இது சுண்ணாம்பு அப்பின மாதிரி என்று கேட்டால். பிரஷ் காய்ந்துகொண்டிருந்தது. அவர் அதைக் கீழே வைத்தார்.

நேற்றைய பஞ்சு தட்டில் அப்படியே இருந்தது. நுனியில் அந்தப் பால். நூற்றைம்பது வருஷம் கண்ணாக இருந்தது, இப்போது பஞ்சில் கறை. அதை எடுத்துக் காலித் தீப்பெட்டிக்குள் வைத்து மூடினார். ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மூடிய பிறகு தீப்பெட்டிக்குள் ஏதோ இருக்கிறது என்கிற நினைப்பே பயமாக இருந்தது. அப்போதுதான் அந்தக் குடோன் பாம்பு நினைவில் ஊர்ந்து வந்தது. வரக் கூடாது என்று எவ்வளவு நேரமாக அழுத்தி வைத்திருந்தார். பிரஸ் குடோனில் காகித ரீம் கட்டுகளுக்கு நடுவில் ஒரு சாரை, வைகாசி மாசம். "பாம்புடோய்" என்று சத்தம் கேட்டு ஆள் ஆளுக்குக் கட்டையோடு ஓடினார்கள். திரவியம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பைண்டிங் மேஜைமேல் ஏறி நின்றான், இறங்கவே இல்லை. "முருகனுக்கே மயில் கொடுத்த ஆளு, பாம்புக்குப் பயப்படலாமாண்ணே," என்று யாரோ கேட்க, "அது வெயிலு போட்ட மயிலுடா, என்னைக் காப்பாத்தாது," என்றான். சொன்னான். எல்லார் முன்னாலும் அவன் வாயாலேயே சொன்னான். சொல்லி என்ன, சிரிப்போடு போயிற்று, யாரும் எழுதி வைக்கவில்லை. அந்தப் பாம்பு ஓடவில்லை. சாரை எவ்வளவு வேகம், ஒரு நொடியில் சாக்கடைக்குள் போயிருக்கலாம், கதவு திறந்துதான் கிடந்தது. அது சுவரில் போய் முட்டியது. திரும்பி ரீம் கட்டில் முட்டியது. நிழல் ஆடுகிற பக்கமெல்லாம் வெறுங்காற்றைக் கொத்தியது. வெயிலுமுத்து அருகில் நின்று பார்த்தார், அதன் கண் கஞ்சித்தண்ணி மாதிரி இருந்தது. தோல் உரிக்கப் போவுதுப்பா, கண்ணு தெரியாது, விட்ருங்க, ரெண்டு நாள்ல போயிரும் என்று வாட்ச்மேன் சொல்வதற்குள் அடித்துவிட்டார்கள். ஆக, அவருக்குத் தெரியும். கஞ்சித்தண்ணிக் கண் எப்படி இருக்கும் என்று இந்தச் சிவகாசியில் ஒருவனுக்குத் தெரியும் என்றால் அது அவருக்குத்தான். தெரிந்தும் துடைத்திருக்கிறார். படிப்பு இல்லாததால் வந்த தப்பு என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை. கண் தெரியாமல் போன பிறகு சுவரில் முட்டுவதும், ஆடுகிற நிழலையெல்லாம் கொத்துவதும், கதவு திறந்திருந்தும் தெரியாமல் உள்ளேயே சுற்றுவதும். எழுந்து சுவரைத் தொட்டுப் பார்த்தார். சுவர் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது.

போன் அடித்தது. "ஐயா, திருத்தங்கல் தாண்டிட்டேன், ரயில்வே கேட் போட்டிருக்காங்க, பத்து நிமிஷம்." பத்து நிமிஷம். கண் ஆப்பரேஷனுக்கும் பத்து நிமிஷம் என்றுதான் சொன்னார்கள். அவளிடம் சொல்லிவிட்டால் என்ன? அம்மா, தப்பு நடந்துபோச்சு. சொன்னால், எப்படி என்பாள். எனக்கு ஒரு கண் தெரியாதும்மா. அப்புறம்? மிச்சப் படங்களைச் சுருட்டிக்கொண்டு போவாள். போகட்டும். அட்டை? அட்டையில் யார் பெயர்? சொல்லாமல் விட்டால் அட்டை வரும், பெயர் வரும், லு சரியாக வரும். பிறகு ஒரு நாள் பாம்பு தெரிந்த ஒருவன், இங்கிலீஷ் தெரிந்த ஒருவன் வந்து குனிந்து பென்சில் எழுத்தைப் படிப்பான். அப்படியே விடணும்னு ரெண்டு கோடு போட்டிருக்கு, எந்த முட்டாள் இதுக்குக் கண்ணு வச்சது? பக்கத்திலேயே அட்டை இருக்கும். வெயிலுமுத்து, சிவகாசி. மூணாங்கிளாசு. கூடம் சிரிக்கும். இந்த முறை சென்னைக் கூடம். ஆஸ்பத்திரியில் திரவியத்தைக் கடைசியாகப் பார்க்கப் போனபோது, அவன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செத்தால் போதும் என்றுதான் போனார். அவன் மூக்கில் குழாயோடு இவரைப் பார்த்து, "வெயிலு, அந்த மயில்," என்றான். அதற்குள் நர்ஸ் வந்து திரையை இழுத்துவிட்டாள். அந்த மயில் உன்னுதுடா என்று சொல்ல வந்தானா? அந்த மயில் படம் ஒண்ணு வீட்ல கிடக்கா என்று கேட்க வந்தானா? அந்த மயில்ல நீ ஒரு கண்ணை விட்டுட்டடா என்று சொல்லவும் கூடியவன்தான். ஆறு வருஷமாக அந்த வாக்கியத்தை ஒவ்வொரு விதமாக முடித்துப் பார்க்கிறார். முடியவில்லை. கீழே கார்க் கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது.

யாமினி படியேறி வந்தாள், பின்னால் டீ டம்ளரோடு கார்த்தீஸ்வரி. வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே மேஜையைப் பார்த்துவிட்டாள். கிட்டே வந்து குனிந்தாள். பையிலிருந்து லென்ஸை எடுத்து வாலிலிருந்து ஆரம்பித்தாள், வயிறு, சுருள், கழுத்து. லென்ஸ் தலைக்கு வந்தது. அங்கேயே நின்றது லென்ஸ். பேப்பர் வெட்டுகிற மிஷின் நாலு முறை இறங்கியது.

"ஐயா," என்றாள் மெதுவாக, "இது என்னைப் பாக்குது."

அவர் தீப்பெட்டியை மேஜை ஓரத்துக்கு நகர்த்தினார்.

"நான் கொடுத்தப்போ செத்த பாம்பு மாதிரி கிடந்துச்சு. இப்படி ஒரு கண்ணு அதுக்குள்ள இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா," என்று யாரோ சொன்னார்கள், அவர்தான்.

"கீழ ஏதோ எழுதியிருக்கே," என்று அவள் விரலைக் கொண்டுபோனபோது கார்த்தீஸ்வரியின் கையில் டம்ளர் தட்டோடு கிணுகிணுத்தது. யாமினி குனிந்து ஒரு நொடி பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "பழைய கிறுக்கல். பிரேம் போடுறப்போ அட்டைக்குள்ள மறைஞ்சிரும். ஐயா, அந்தப் பேர் அட்டையை இன்னிக்கே பிரிண்ட்டுக்குக் கொடுத்துரேன்."

மறையும். பிரேம் போட்டால் மறையும். ஆனால் பிரேமை என்றாவது ஒருவன் கழற்றுவான், நூற்றைம்பது வருஷம் கழித்துக்கூட ஒருவன் கழற்றுவான், இந்தத் தாள் இத்தனை வருஷம் கழித்துத் தன் கைக்கு வரவில்லையா? கழற்றிப் படிப்பான், சிரிப்பான். "என் பேரு வேண்டாம்மா," என்றார்.

"என்ன ஐயா?"

"வேற பேரு போடுங்க." சொல்லும்போதே உள்ளே எங்கேயோ ஒரு சின்ன இனிப்பு கிளம்பியது, நாற்பத்திரண்டு வருஷமாகச் சுவைக்காத இனிப்பு. கூடம் சிரிக்கட்டும், இந்தத் தடவை அவனைப் பார்த்து நன்றாகச் சிரிக்கட்டும். "திரவியம்னு போடுங்க. ஞானதிரவியம், சிவகாசி."

கார்த்தீஸ்வரி டீயைத் தரையில் சிந்திவிட்டாள். இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து, சோறு குழைந்தாலும் கரண்டு போனாலும் மாமனார் வாயிலிருந்து வசவாக வருகிற பெயர் அது.

"யாரு ஐயா அவரு?"

"பெரிய ஆர்ட்டிஸ்ட். கண்ணுல வெள்ளையை எங்க வைக்கணும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தவரு. இப்ப இல்ல." ஒன்றுகூடப் பொய் இல்லை.

யாமினி லென்ஸை மடக்கினாள். அவள் கண் கலங்கியிருந்தது. "குருவுக்கா," என்றாள். "அவனவன் அடுத்தவன் வேலையில தன் பேரைப் போட்டுக்கிற காலம் ஐயா இது. நீங்க பேரையே தூக்கி அவருக்குக் கொடுக்கிறீங்க. சின்ன அட்டையெல்லாம் பத்தாது. வாசல் சுவத்துல பெரிசா எழுதறேன், இந்தக் கண்ணுக்குப் பக்கத்துலயே." வெயிலுமுத்து, அது வேண்டாம், என்று சொல்ல வாயெடுத்தார். காரணம் கேட்பாளே. காரணத்தைச் சொன்னால் பாம்பின் கண்ணைச் சொல்ல வேண்டும், பாம்பின் கண்ணைச் சொன்னால் தன் கண்ணைச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தபடி நின்றார், முன்பொரு நாள் நின்ற மாதிரி. அவள் பாம்பை மெல்லிய தாளில் பொதிந்து, இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டி, அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

கார் தெரு திரும்புகிற சத்தம் அடங்கிய பிறகுதான் அது அவருக்கு உறைத்தது. சாரைக்கு எப்போதுமே கறுப்புக் கண்தானே. பெரிய, பளபளப்பான கறுப்புக் கண். உரிக்கிற நாலு நாள்தான் பால். பாம்பு தெரிந்தவன் எவன் வந்து நின்றாலும், அடடா, சாரைக் கண் அச்சாக இருக்கிறது என்றுதான் சொல்வான். தப்பு இருப்பதாகச் சொல்கிற ஒரே வாய் அந்தப் பென்சில் எழுத்து, அதை அட்டை மூடிவிடும். யாரும் சிரிக்கப் போவதில்லை. வாசலில் நின்று ஆயிரம் பேர் அந்தக் கண்ணைப் பார்ப்பார்கள், என்ன உயிருப்பா என்பார்கள், யாரு இந்தத் திரவியம் என்பார்கள், செத்தவனுக்கு மறுபடியும் லட்சம் பிரதி. தானே பேனாவை எடுத்துக் கொடுத்து மூலையில் எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். இத்தனை நேரம் யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று நடுங்கிய உடம்பு, இப்போது யாருமே கண்டுபிடிக்க மாட்டார்களோ என்று நடுங்கியது. எவனாவது பிரேமைக் கழற்ற வேண்டும். எவனாவது படிக்கத் தெரிந்தவன். அவர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். கீழே கார்த்தீஸ்வரி பிள்ளைகளிடம், "மாமாவுக்கு உடம்பு சரியில்ல, சத்தம் போடாதீங்க," என்று சொல்வது கேட்டது.

மேஜை காலியாகக் கிடந்தது. தீப்பெட்டி இருந்தது. திறந்து பஞ்சை இடது கண்ணால் பார்த்தார், பிறகு வலது கண்ணால். கிண்ணத்தில் காலையில் குழைத்த பால் வெள்ளை இன்னும் முழுக்கக் காயவில்லை. பிரஷ்ஷை நனைத்து, மேஜைமேல் போட்டிருந்த கண்ணாடியில், ஒரு மூலையில், கீழ் மூலையில், வெ என்று எழுதினார். யி என்று எழுதினார். பிரஷ் நின்றது. லு, ளு, ழு மூன்றும் வந்து நின்றன, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு. அவர் காத்திருந்தார். வெள்ளை முனையிலேயே காய்ந்தது. மயில் ஒன்று, பாம்பு ஒன்று, இதோ இந்த ஒரு எழுத்து. மூன்றுக்கும் திரவியம் பதில் சொல்லியாக வேண்டும், திரைக்கு அந்தப் பக்கம் எங்கே போய் ஒளிந்திருந்தாலும்.